வாசலில் காட்டுகிற கடை

உங்களுக்கும் இடது கண்தானா அண்ணாச்சி? எனக்கும் இடதுதான். புருவத்துக்கு மேலே துண்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டிருக்கிறார்கள் பாருங்கள், கண் மாறிவிடாமல் இருக்க. நல்ல ஏற்பாடுதான். எங்கள் மேனேஜரம்மா இதைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பார்த்தால் நாளைக்கே கடையில் எல்லாருக்கும் நெற்றியில் ஒன்று ஒட்டிவிடுவாள்.

உட்காருங்கள், இடம் தாராளமாக இருக்கிறது. கூட யார் வந்திருக்கிறார்கள்? மகளா? நல்லது. நான் தனியாகத்தான் வந்தேன். மெதுவாகச் சொல்கிறேன், அந்த கவுண்டரில் இருக்கிற பெண்ணுக்குக் கேட்க வேண்டாம். துணைக்கு ஆள் இல்லாமல் ஆபரேஷன் செய்யமாட்டார்களாம். மருமகன் டீ குடிக்கப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் என்று சொல்ல முடியாது. தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். அவன் இந்நேரம் டீயும் குடித்துக்கொண்டிருப்பான். ஓசூரில் குடிப்பான். அவனுக்கு நான் சொல்லவே இல்லை. கடையிலும் மருமகன் வருகிறான், ஒருத்தரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கண்ணுக்காக ஊரைக் கூட்டுவதா?

ஆனால் திருப்பி அனுப்பிவிட்டால் சிக்கல். தை பிறந்து முகூர்த்தங்கள் ஆரம்பிப்பதற்குள் இந்தக் கண் சரியாகவில்லை என்றால் கடையில் பட்டுச் சேலை விற்கிற மெத்தையில் எனக்கு இடம் கிடையாது. முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார். கீழ்த்தளத்தில் லுங்கியும் துண்டும் விற்கப் போக வேண்டியதுதான். அதனால் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதோ தூண் பக்கத்தில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறாளே, முகம் சரியாகத் தெரியவில்லை, நான் வந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறாள். அவளிடம் போய், அம்மா, எனக்கும் ஒரு கையெழுத்து போட்டுவிடு, தங்கச்சி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்க்கலாமா என்று இருக்கிறது.

என் பெயர் குத்தாலிங்கம். தென்காசியில் தேரடிப் பக்கம் இருக்கிற ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு. சின்ன வயதில் போய் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. வெள்ளை விரிப்பு போட்ட மெத்தை பார்த்திருப்பீர்கள், அதில் ஒரு பக்கம் நாங்கள், எதிரே கல்யாண வீட்டுக்காரர்கள், நடுவில் சேலை மலை. முந்தானையை விரித்துத் தரையில் காட்டினால் விற்காது அண்ணாச்சி. ஆள் மேல் போட்டுக் காட்ட வேண்டும். நான் எழுந்து நின்று தோளில் போட்டு, கொசுவம் பிடித்து, லேசாகத் திரும்பிக் காட்டுவேன். எங்கள் பக்கத்தில் எத்தனையோ மணப்பெண்கள் கட்டிய முகூர்த்தப் பட்டு, அவர்கள் தோளில் ஏறுவதற்கு முன்னால் என் தோளில் ஏறி இறங்கியதுதான். என் வீட்டுக்காரி சிரிப்பாள். இத்தனை கூறைச் சேலை கட்டிப் பார்த்த ஆண்பிள்ளை நீங்கள் ஒருவர்தான் என்பாள்.

இந்தக் கண்ணுக்கு உண்மையில் ஒன்றும் இல்லை. லேசாகப் புகை போட்ட மாதிரி இருக்கும், சாம்பிராணி காட்டிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி. அவ்வளவுதான். நான் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் கண் இல்லை, அந்த மேனேஜரம்மாதான்.

கோகிலவாணி என்று பெயர். கோயம்புத்தூர்ப் பக்கம். பெரிய கடைகளில் வேலை பார்த்தவளாம். சித்திரையில் வந்து சேர்ந்தாள். எனக்கு மகள் வயதிருக்கும். அவள் இவள் என்கிறேனே என்று நினைக்காதீர்கள், நேரில் மேடம்தான். இதற்கு முன்னால் இருந்த மேனேஜர் தங்கமான மனுஷர். மத்தியானம் சாப்பிட்டால் நாலு மணி வரைக்கும் அவரை ஒருவரும் எழுப்பமாட்டோம், அவரும் எங்களை ஒன்றும் சொல்லமாட்டார். அப்படி ஓடிய கடை.

இவள் வந்த முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கையை நீட்டச் சொன்னாள். நகம் பார்க்கிறாளாம். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் பார்த்த பிறகு என் நகத்தை யாரும் பார்த்ததில்லை. சாவிக்கொத்தில் நகவெட்டி கோத்து வைத்திருக்கிறாள். ஒரு பட்டுத் துண்டை எடுத்து எங்கள் விரல் நுனியில் இழுத்துப் பார்ப்பாள். எங்கேயாவது சரிகை தட்டினால் அங்கேயே நகவெட்டியைக் கொடுத்து, "வெட்டிட்டுப் போங்ணா" என்பாள். வாசலில் நிற்கிற வாட்ச்மேனுக்கும் இதே சட்டம். அவர் எந்தப் பட்டைத் தொடப் போகிறார்? கதவைத் திறந்து விடுகிற கையில் நகம் இருந்தால் என்ன?

அதுதான் அவளிடம் பிடிக்காதது. எல்லாவற்றையும் 'ங்க' போட்டே சொல்வாள். நம் ஊரில் ஒருத்தரைத் திட்டினால் திட்டிய மாதிரி இருக்கும், வாங்கிக்கொண்டு போய்விடலாம். இவள் மரியாதையாகவே கழுத்தைப் பிடிப்பாள். சுவரில் சாயாதீங்க. டீக்கு ஒருத்தர் ஒருத்தரா போங்க. போனை இந்தக் கூடையில போடுங்க. கூடை நிறைய போன், அது கிணுகிணு என்று அடித்துக்கொண்டே இருக்கும், யாருடையது அடிக்கிறது என்று தெரியாமல் எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்போம். வியாபாரம் எப்படி நடக்கும் சொல்லுங்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வைகாசியில் ஒரு காரியம் நடந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முழு ரூபத்தையும் பார்த்தேன்.

சுரண்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். பரிசத் தட்டில் வைக்கப் பட்டு. வேன் நிறைய பெண்கள். கேட்டதெல்லாம் எடுத்துப் போட்டேன், இடுப்பு உயரத்துக்குக் குவிந்துவிட்டது. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு கருநீலத்தைப் பிடித்தாள். நல்ல தேர்வு. மற்றதை மடிக்கிற நேரத்தில் குவியலிலிருந்து அதை எடுத்து பில்லுக்கு அனுப்பியது நான்தான். பொய் சொல்லமாட்டேன். ஆனால் நான் எடுத்தது கருநீலம். பில்லுக்குப் போகிற வழியில்தான் அது கறுத்திருக்க வேண்டும்.

ஆமாம், கறுப்பு. சுத்தக் கறுப்பு, சிவப்புக் கரை. பெண் வீட்டில் கூட்டமாக உட்கார்ந்து தட்டில் வைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே கறுப்புப் பட்டு. பெண்ணைப் பெற்றவர்கள் தட்டைத் தொடமாட்டேன் என்று எழுந்துவிட்டார்களாம். மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா கடைக்கு வந்து நின்ற நிற்பு இருக்கிறதே.

"பரிசத் தட்டுல கறுப்பையா வைக்கச் சொல்லுதீய? எம்பிள்ள கல்யாணம் நிக்கப் போவுது. எடுத்துக் குடுத்த ஆளு எங்க?"

பேக்கிங்கில் மாற்றியிருப்பார்கள் என்று நான் விளக்கம் சொல்ல எழுந்தேன். அதற்குள் மேனேஜரம்மா குறுக்கே வந்து நின்றுவிட்டாள். என்னைப் பேசவே விடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாவிடம், "தப்பு எங்க முறையில இருக்குதுங்கம்மா. ஆளு மேல இல்லீங்க. நானே வந்து உங்க சம்பந்தி வீட்ல சொல்றனுங்க" என்றாள். சொன்னபடியே நீலச் சேலையை எடுத்துக்கொண்டு அவர்களோடு வேனில் ஏறிப் போனாள். கல்யாணம் நடந்தது, பத்திரிகைகூட வந்தது. ஆனால் என் பக்கத்து நியாயத்தை ஒருவரும் கேட்கவில்லை பாருங்கள், எனக்கு அந்த மனக்குறை இன்னும் இருக்கிறது.

அன்று சாயங்காலம் திரும்பி வந்தவள், கூட்டம் குறைந்ததும் என் மெத்தைக்கு எதிரே வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்தாள். மடியில் இரண்டு சேலை. ஒன்றைக் காட்டி, இது என்ன கலருங்ணா என்றாள். கருநீலம் என்றேன். இன்னொன்றைக் காட்டி, இதுங்க என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே நிறத்தில் இரண்டை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பரீட்சை பண்ணுகிறாளாம். இந்தத் தொழிலில் தலை நரைத்தவன், இதில் ஏமாறுவேனா? "இதுவும் கருநீலம்தான் மேடம், நல்ல ஜோடி" என்றேன்.

அவள் இரண்டையும் மடித்தாள். பிரித்தாள். திரும்பவும் மடித்தாள். ஒரு மேனேஜருக்குச் சேலை மடிக்கத் தெரியவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சட்டம் போட்டாள்.

முதல் சட்டம், எந்தப் பட்டும் மெத்தையிலிருந்து நேராக பில்லுக்குப் போகக் கூடாது. வாங்குகிறவரையும் சேலையையும் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெயில் வெளிச்சத்தில் விரித்துக் காட்ட வேண்டும். அங்கே நிறத்தை நாம் சொல்லக் கூடாது. வாங்குகிறவர்கள் வாயால் சொல்ல வேண்டும், அவர்கள் சொன்னதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பில். எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். பாலியெஸ்டர் விற்கிறவனுக்கும் இதே கதைதான். ஒரு பேக்கிங் பையன் செய்த தப்புக்குக் கடையே வெயிலில் நிற்கிறது.

இரண்டாவது, பட்டு அலமாரியை முழுவதும் இறக்கி நிறவாரியாக ஏற்றினாள். நீலத்துக்கு ஓர் இடம், கறுப்புக்கு அலமாரியின் அந்தக் கோடி, நடுவே எட்டு தட்டு தூரம். மாற்றி வைத்தால் தொலைந்தோம். யாரோ ஒருத்தன் அவசரத்தில் ஒரு கறுப்பை நீலத் தட்டில் சொருகிவிட்டான் என்று அன்றைக்கு அவள் குரலை முதல் தடவையாக உயர்த்தினாள். அப்போதும் 'ங்க' போட்டுத்தான். அந்த அலமாரியில் இப்போது கண்ணை மூடிக்கொண்டு என்னால் எந்த நிறத்தையும் எடுக்க முடியும். அதில் ஒரு வசதி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு அவமானம். மேட்சிங் பிரிவிலிருந்து ஆவுடைத்தங்கத்தைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஜாக்கெட் துணிக்கு உதவியாக இருக்குமாம். ஆவுடைத்தங்கத்தைத் தெரியாது உங்களுக்கு. நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது, வாய் மட்டும் இன்னும் இருபதில் நிற்கிறது. நான் ஒரு சேலையை எடுத்தால் போதும், உடனே கூவுவாள், "அண்ணாச்சி அந்த வெங்காயக் கலரை விரிச்சீங்கன்னா அக்காவுக்கு எடுப்பா இருக்கும்", "அண்ணாச்சி கையில இருக்குத கத்திரிப்பூ புதுசா வந்தது". நான் எதை எடுத்தாலும் அதற்கு முன்னால் அதன் பெயரைச் சொல்லிவிடுவாள். ஒரு நாள் கேட்டுவிட்டேன், ஏட்டி, நீ என்ன எனக்கு வாத்தியாரா என்று. அவள் அசரவில்லை. "நான் சொல்லலன்னா மேடம் என்னைக் கீழ அனுப்பிருவாங்க அண்ணாச்சி. நீங்கதான் என் பொழப்பக் காப்பாத்தணும்" என்றாள். பாவமாகப் போய்விட்டது. சரி, ஒரு குடும்பம் பிழைத்துப் போகட்டும் என்று இன்றுவரைக்கும் பொறுத்துக்கொண்டு வருகிறேன்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். வாசலில்தானே காட்டச் சொன்னாய், காட்டுகிறேன் பார் என்று ஒரு வேலை செய்தேன். சேலையைத் தாம்பாளத்தில் வைத்து, கல்யாண வீட்டுப் பெண்களை முன்னால் விட்டு, ஆவுடைத்தங்கத்தைப் பின்னால் விட்டு, ஊர்வலமாக வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் வழி விலக்கினார். நடுரோட்டில் எல்லாரும் பார்க்க முந்தானையைத் தோளில் போட்டு நின்று, "என்ன நிறம் தாயி, சத்தமாச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பெண்களும் கோயிலில் கும்பிடுகிற மாதிரி ஒரே குரலில், மாம்பழ மஞ்சள் என்றார்கள். பூக்காரி கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். பஸ் கூட நின்றது, அது நிற்கிற இடம்தான் என்றாலும் நின்றது.

மேனேஜரம்மா முகம் சிவக்கும் என்று பார்த்தேன். அவள் உள்ளே போய் ஒரு புதுத் தாம்பாளம் வாங்கி வரச் சொன்னாள். பித்தளையில்.

அப்புறம் என்ன, அதுவே கடைக்குப் பெயராகிவிட்டது. கடையநல்லூரிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் வந்து, வாசலில் காட்டுகிற கடை எது என்று கேட்கிறார்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு உள்ளே இடமில்லாமல் வெளியே நாற்காலி போட்டோம். எதிர்க்கடைக்காரனும் ஒருத்தனைத் தோளில் சேலையோடு வாசலில் நிறுத்திப் பார்த்தான், அவனுக்கு லேசாகத் திரும்பிக் காட்டத் தெரியவில்லை. எல்லாம் என் யோசனை. பெயர் அவளுக்கு. இப்படித்தான் இருக்கிறது உலகம்.

புரட்டாசியில் பொறுக்கமுடியாமல் முதலாளி வீட்டுக்கே போனேன். அவரும் நானும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் அப்பா காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மூட்டை பிரித்திருக்கிறோம். காபி கொடுத்தார். அந்த மேனேஜரம்மா இருக்கிற கடையில் மனுஷன் இருக்க முடியாது, ஏதாவது ஒரு முடிவு செய்யுங்கள் என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "வே குத்தாலிங்கம், சுரண்டைக்காரி வந்து சத்தம் போட்ட அன்னைக்கே உம்மக் கீழ அனுப்பச் சொன்னேன் நான். அந்தப் புள்ளதான் மாட்டேன்னு நிக்கி. அவரு மெத்தையில இல்லேன்னா நானும் இல்லங்கா. தை வரைக்கும் பாப்போம்னு சொல்லிருக்கேன். அதுக்குள்ள உம்ம கண்ண என்னன்னு பாத்துக்கிடும். அதுக்கு மேல எங்கிட்ட வராதிரும்."

நான் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். லுங்கிப் பிரிவு என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? அங்கே யார் வந்தாலும் உட்காரமாட்டார்கள். நின்ற நிலையில் கேட்டு, நின்ற நிலையில் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு லுங்கியைத் தோளில் போட்டுக்காட்ட முடியுமா? யாருடைய கல்யாணத்துக்கும் நாம் ஒன்றும் எடுத்துக் கொடுத்ததாக ஆகாது. பத்திரிகை வைக்க வரமாட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை இருக்காது. சொல்லிக் கேட்க ஆளும் இல்லைதான், அது வேறு.

வீட்டுக்கு நடந்து போகிற வழியில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் கீழே போய்விட்டால் அந்த அம்மாவுக்கு மிரட்ட ஆள் வேண்டாமா? ஆவுடைத்தங்கத்தை மிரட்ட முடியாது. அதனால்தான் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறாள்.

ஒரே ஒரு நாள் அவளை ஜெயித்தேன். அதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம், அவளே என் மெத்தைக்கு வந்து தனக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். விலை அதிகம் வேண்டாம், பட்டு நூல் கலந்தது போதும், நிறம் உங்கள் இஷ்டம் என்றாள். ஆவுடைத்தங்கம் அந்த நேரத்தில் சாப்பிடப் போயிருந்தாள். புதுச் சரக்கு அன்றுதான் வந்து இறங்கியிருந்தது, அலமாரியில் ஏறவில்லை. நான் தேடி எடுத்தேன், நல்ல இலைப்பச்சை, மெல்லிய கரை. அவள் நிறத்துக்கு அது பொருந்தும். கெட்டதை எடுத்துக் கொடுக்க மனசு வரவில்லை அண்ணாச்சி, தொழில் அப்படி.

சட்டம் அவளுக்கும் உண்டல்லவா? வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தோளில் போட்டுக் காட்டினேன். என்ன நிறம் மேடம் என்றேன். அவள் பார்த்துவிட்டு, "நீலமுங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். என்னை மடக்கத்தான் சொல்கிறாள். பச்சை என்றேன். நீலமுங்ணா என்றாள். நடுத்தெருவில் நின்றுகொண்டு, தீபாவளிக் கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, மேடம், நீங்கள் என்ன சட்டம் வேண்டுமானாலும் போடுங்கள், நகத்தை வெட்டுங்கள், வெயிலில் நிறுத்துங்கள், ஆனால் பச்சையை நீலம் என்று என் வாயால் திருப்பிச் சொல்லமாட்டேன், எனக்கு இருப்பது இது ஒன்றுதான் என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. வாட்ச்மேன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் சேலையை என் தோளிலிருந்து தானே எடுத்தாள். "சரிங்ணா. பச்சையாவே இருக்கட்டுங்க" என்றாள்.

பில்லிலும் பச்சை என்றே போடச் சொன்னாள். எவரிடமும் இறங்கி வராதவள், என்னிடம் தோற்றாள். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து வீட்டுக்காரியின் கூறைச் சேலையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அரக்குச் சிவப்பு. நானே அவளுக்காக எடுத்தது. இப்போது நிறம் மங்கிவிட்டது, பழைய செங்கல் மாதிரி இருக்கிறது. பட்டு அப்படித்தான், கட்ட ஆள் இல்லையென்றால் மங்கும்.

கார்த்திகையில் கண் டாக்டர்களைக் கடைக்கே வரவழைத்துவிட்டாள். எல்லாருக்கும் பரிசோதனை. இருபது வயதுப் பெண்களுக்கும் உண்டு, கண்ணில் ஒரு கோளாறும் இல்லாத வாட்ச்மேனுக்கும் உண்டு. எனக்கு இவள் தந்திரம் தெரியாதா? வரிசையில் கடைசியில் நின்றுகொண்டேன். முன்னால் போகிறவர்கள் ஒவ்வொருத்தராக அட்டையைப் படிக்கப் படிக்க, நான் மனப்பாடம் செய்துவிட்டேன். என் முறை வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொன்னேன். டாக்டர் பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆச்சரியமாகப் பார்த்தான். இப்படிக் கண் உள்ள ஆளை அவன் பார்த்திருக்கமாட்டான்.

"அட்டையை உங்களுக்கு முன்னாடியே மாத்திட்டனுங்ணா" என்றாள் அவள், பக்கத்தில் நின்றுகொண்டு.

ஆவுடைத்தங்கம் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி ஓடினாள். இரண்டு கண்ணிலும் புரை, இடது நன்றாக முற்றியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். புரை இருக்கலாம். பாலிலும்தான் புரை ஊற்றுகிறோம், தயிர் தோயவில்லையா என்ன, அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். விடவில்லை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, இப்போதே செய்துகொண்டால் தைக்கு மெத்தையில் உட்காரலாம் என்று தினமும் வந்து நின்றாள். தொல்லை தாங்காமல்தான் சம்மதித்தேன்.

அதிலும் பாருங்கள், ஆபரேஷன் ஆன ஆளுக்கு யாராவது லீவு கொடுக்காமல் இருப்பார்களா? இவள் கொடுக்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்தே ஆக வேண்டுமாம். வேலை செய்ய வேண்டாம், சும்மா உட்கார வேண்டும். சொட்டு மருந்து நாள் முழுக்க அடிக்கடி விட வேண்டுமே, அதற்குக் கடையில் முறை போட்டுவிட்டாள். காலையில் ஆவுடைத்தங்கம், மத்தியானம் வாட்ச்மேன், இடையில் அவளே. மருந்து விடுகிறவர்கள் எல்லாரும் நகத்தைக் காட்டிவிட்டுத்தான் என் பக்கத்தில் வர வேண்டுமாம். ஒற்றை ஆளாக வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்கலாம் என்று நினைத்தேன். அதற்கும் வழியில்லை. இப்படி ஒரு கொடுமையை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள் அண்ணாச்சி? சிரியுங்கள், சிரியுங்கள். இப்படி ஒருத்தியிடம் மாட்டியிருந்தால் தெரியும்.

என்ன? யார் சேலை? அந்தத் தூண் பக்கத்து அம்மாவா? நீலமா? அவள் கட்டியிருப்பது நீலம் என்கிறீர்களா? நன்றாக இருக்கிறது போங்கள். உங்களுக்கும் கண்ணில் புரை, அதை மறந்துவிட்டுப் பேசாதீர்கள். அது இலைப்பச்சை. உங்கள் மகளா சொல்கிறாள்? ஆனந்தா நீலம் என்கிறாளா? எம்மா, நீ சின்னப் பிள்ளை, உனக்கு நான் ஒன்று சொல்கிறேன் கேள். நீலம் என்பது...

இருங்கள். நர்ஸ் என் பெயரைக் கூப்பிடுகிறாள். துணைக்கு வந்தது யார் என்று கேட்கிறாள். போச்சு, இப்போது என்ன சொல்வது? மருமகன் இன்னும் டீ... அட, அந்த அம்மா எதற்கு எழுந்திருக்கிறாள்? இவளையா கூப்பிட்டார்கள்? நேராக நர்ஸிடம் போகிறாள். இந்த நடையை நான் எங்கேயோ...

கேட்டீர்களா? "நானுங்க சிஸ்டர்" என்கிறாள்.

மருமகன் வருவான் என்று நான் சொன்னதை நம்பவில்லை பாருங்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு முதல் பஸ்ஸுக்கே வந்து, என் கண்ணில் படாமல் இவ்வளவு நேரம் உட்கார்ந்து வேவு பார்த்திருக்கிறாள். கையெழுத்துப் போடுகிறாள். எனக்கு என்ன உறவு என்று நர்ஸ் கேட்டிருப்பாள் போலிருக்கிறது, என்னமோ சொல்கிறாள், இங்கே கேட்கவில்லை. இந்தப் பக்கம்தான் வருகிறார்கள். நான் எழுந்திருக்கிறேன், கொஞ்சம் கை கொடுங்கள். சட்டைப் பொத்தான் எல்லாம் சரியாக இருக்கிறதா? நகம்கூட வெட்டவில்லை நான்.

அண்ணாச்சி, மேடம் பக்கத்தில் வருவதற்குள் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நன்றாகப் பார்த்து, உங்கள் மகளையும் பார்க்கச் சொல்லிச் சொல்லுங்கள். நீலமா?

சரி. சரி, இருக்கட்டும். நாளைக் காலையில் கட்டு அவிழ்க்கிறார்களாம். அவிழ்த்ததும் அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளிச்சத்தில் நிறுத்தப் போகிறேன். சட்டம் எல்லாருக்கும் பொது. பச்சையாக இருந்தால் வழக்கம்போலக் கடைக்குப் போவேன். நீலமாக இருந்தால், முதலில் வீட்டுக்குப் போய் அந்தக் கூறைச் சேலைப் பெட்டியையும் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.